கரிசல் வெடிப்புக்குள் போன மிட்ரேஞ்ச் தட்டு

1

பிள்ளைகளே, உங்கள் குரல் செய்தி கிடைத்தது. பட்டறையில் டீ இடைவேளையில் கேட்டேன். நான் பின்லாந்து நாட்டில் வெல்டர் வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் காதில் வைத்தால், மாரிச்செல்வி கத்துகிறாள்:

"மாமா, இந்த வருசம் மறக்க முடியாததை எழுதச் சொன்னாவ டீச்சர். நாங்க பதினோரு பேரும் கயல் அக்கா தட்டைப் பத்தித்தான் எழுதுனோம். ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிட்டீங்கன்னு எல்லாரையும் எந்திரிச்சு நிக்க வச்சிட்டாவ. தட்டைப் பூமி முழுங்கிச்சாம், கதையா விடுதீங்கன்னு கேக்காவ. நீங்களே எழுதி அனுப்புங்க மாமா. அப்பதான் நம்புவாவ!"

பின்னாலிருந்து ஒரு குரல், "எங்க கால் வலிக்கின்னும் எழுதச் சொல்லுட்டி" என்றது. அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கால் சரியாகிவிட்டதா?

நான் பத்தாவது வரை படித்தவன். அப்புறம் கோவில்பட்டியில் ஐ.டி.ஐ. இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷமாக நான் எழுதுவதெல்லாம் கட்டத்துக்குள் எழுதுவதுதான். பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த ஊருக்கு ஒரு கட்டம், வந்த காரணத்துக்கு ஒரு கட்டம். நம் ஊர்ப் பெயர் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கியதில்லை. பாதியில் வெட்டிவிட்டு மீதியை ஓரத்தில் எழுதுவேன். கட்டம் போடாத வெள்ளைத்தாளில் எழுதி ரொம்ப நாளாயிற்று. முன்னே பின்னே இருந்தால் டீச்சர் பொறுத்துக்கொள்ளட்டும். நடந்தது அத்தனையும் நிஜம்.

2

முதலில் தட்டு. அது சாப்பிடுகிற தட்டு இல்லை.

இங்கே தட்டு எறிகிற விளையாட்டு ஒன்று உண்டு. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். மரங்களுக்கு நடுவே ஒரு கம்பம் நட்டு, அதைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கம்பிக்கூடை கட்டியிருப்பார்கள். தூரத்தில் நின்று கூடையைப் பார்த்துத் தட்டை வீச வேண்டும். எங்கே விழுந்ததோ அங்கே நடந்து போய், அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தவர். எங்கள் ஊரில் இந்தக் கூடைகள் பொது இடத்தில் சும்மா நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் போய் விளையாடலாம்.

தட்டில் மூன்று விதம். டிரைவர் என்பது விளிம்பு கூராக இருக்கும், வெகுதூரம் போகும், ஆனால் யார் பேச்சையும் கேட்காது. பட்டர் என்பது விளிம்பு தடித்தது, கூடைக்குப் பக்கத்தில் வந்தபிறகு மெல்லப் போடுவதற்கு. இரண்டுக்கும் நடுவில் மிட்ரேஞ்ச். கயல் எனக்கு இப்படித்தான் விளக்கினாள்: "அப்பா, மிட்ரேஞ்ச் பொய் சொல்லாது. நேரா விட்டா நேரா போகும். நீங்க கோணலா விட்டா, நீங்கதான் கோணல்னு எல்லாருக்கும் காட்டிடும்." நான் வீசிய தட்டுகளெல்லாம் அதுவரை பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தன போலிருக்கிறது. மிட்ரேஞ்சைக் கையில் எடுத்தபிறகுதான் என் லட்சணம் தெரிந்தது.

கயல் என் மகள். பன்னிரண்டு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பின்னிஷ் மொழியில் பதில் சொல்வாள். "தோசை வேணுமா?" என்றால் அதற்கும் அந்த மொழியில்தான். ஆனால் ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடைக்கு நாங்கள் இரண்டு பேரும் நடக்கிறபோது மட்டும், ஏனோ தெரியாது, அவளுக்குத் தமிழ் வரும். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, எந்தப் பாடம் பிடிக்கவில்லை, எல்லாம் அந்த நடையில்தான் எனக்குத் தெரியவரும். பதினெட்டுக் கூடை. நான் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன்.

அவளுடைய பழைய மிட்ரேஞ்ச் ஏரிக்குள் விழுந்து போயிற்று. ஆகஸ்டில் சிறுவர் போட்டி. அதற்காகப் புதிதாக ஒன்று வாங்கினோம். கடையில் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். "இதுதான்" என்றாள்.

3

எப்போதும் நாங்கள் ஊருக்கு வருவது மார்கழியில். இந்த வருஷம்தான் ஆடியில் லீவு கிடைத்தது. கயல் வரமாட்டேன் என்றாள். "அங்க எப்படி பிராக்டிஸ் பண்றது? திரும்பி வந்த வாரமே போட்டி."

நான் மார்தட்டிக்கொண்டு சொன்னேன். "நம்ம ஊர் மாதிரி தட்டு வீச ஒரு இடம் இந்த உலகத்திலேயே கிடையாது. மரம் கிடையாது. ஏரி கிடையாது. மறைக்கப் புல்லுகூடக் கிடையாது. அத்தை பிஞ்சையில் நின்னா எட்டயபுரத்து பஸ் வர்றது தெரியும். அங்க ஒரு தட்டைத் தொலைக்கணும்னு நினைச்சாலும் தொலைக்க முடியாது."

"தொலைஞ்சா?"

"தொலைஞ்சா அடுத்த வருஷம் நீ வரவே வேண்டாம். நான் கூப்பிட மாட்டேன்."

"பிராமிஸ்?"

கை கொடுத்தேன். என் மனைவி கயத்தாற்றுக்காரி, அவளும் கரிசல்காட்டில் வளர்ந்தவள். அவளுக்கு இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்றேன். "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்றாள்.

சென்னை ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு அதிகாரி தட்டை எடுத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"வீசுறதுக்கு" என்றாள் கயல்.

"வீசிட்டு?"

"போய் எடுப்போம்."

"எடுத்து?"

"மறுபடி வீசுவோம்."

அவர் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப தூரத்துல இருந்து வர்றீங்க, போங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

4

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டீச்சருக்காகச் சொல்கிறேன்.

என் அக்கா பேச்சியம்மாள் ஆடு வளர்க்கிறாள். அவளுக்கு எட்டயபுரம் ரோட்டை ஒட்டிக் கொஞ்சம் பிஞ்சை, வானம் பார்த்த நிலம், இருக்கிறது. சித்திரையில் கோடை மழை ஏமாற்றிவிட்டதால் இந்த வருஷம் உழவே இல்லை. நிலம் போன வருஷத்துப் பயிரின் அடிக்கட்டையோடு அப்படியே கிடந்தது. நான் பார்த்த பார்வையில் அது ஒரு பெரிய விளையாட்டு மைதானமாகத்தான் தெரிந்தது. தரையை நான் பார்க்கவில்லை. தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கம்பை முக்காலி போலக் கட்டி, மேலே அக்காவின் பனையோலைக் கடகப்பெட்டியை வைத்தோம். அதுதான் கூடை. "ஆட்டுப்புழுக்கை அள்ளுற பெட்டிலே அது" என்றாள் அக்கா. "பிள்ளை கொண்டாந்த தட்டு நல்லாருக்கு. அதைப் போயி இதுக்குள்ள போடுதீங்களே."

முதல் இரண்டு நாளும் கயல் வீசியதைப் பார்க்க வேண்டுமே! ஆடிக்காற்று உங்களுக்குப் பழக்கம். எனக்கே சட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அந்தக் காற்றுக்கு எதிராக அவள் வீசினாள். தட்டு கவிழவில்லை, மேலே ஏறிப் பின்னால் வரவில்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரே கோடாகப் போய்க் கடகப்பெட்டியின் விளிம்பில் இடித்தது. "இது ரொம்ப நல்ல டிஸ்க் அப்பா! காத்துக்குப் பயப்படவே இல்லை!" என்று குதித்தாள். நான் வீசினால் அதே தட்டு பாதி தூரம் போய், இவனுக்காக இவ்வளவு போதும் என்று படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஓடிப்போய் எடுத்து வந்தீர்கள். கயல் உங்களிடம், "ஆடு வர்றாங்க, பாத்து ஓடுங்க" என்பாள். வீட்டில் நாங்கள் அவளுக்கு மரியாதைத் தமிழைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதனால் ஆடும் வருவார்கள், காக்காவும் உட்காருவார்கள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் காசிக்குப் போய்வந்தது போல இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம். தட்டு என் கையில் இருந்தது. வீசத் தயாராகக் காலை அகட்டி நின்றேன். அப்போது அக்கா சத்தம் போட்டாள்:

"ஏலே! கெடாய் வெண்டைக்குள்ள போகுது பாரு! திருப்புலே!"

பக்கத்துப் பிஞ்சையில் பம்புசெட் வைத்து வெண்டை போட்டிருக்கிறார்கள் அல்லவா, கிடாய் அதைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டைத் திருப்புவதற்கு ஆட்டின் மேல் எறியக் கூடாது. அதன் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் மண்கட்டி விழ வேண்டும். அது திடுக்கிட்டு, தானாகத் திரும்பும். ஐ.டி.ஐ. சேரும் வரை நான் செய்த வேலை அது. யோசித்துச் செய்கிற வேலை இல்லை. அக்கா சத்தம் காதில் விழுந்ததும் கை போய்விடும்.

கை போய்விட்டது. கையில் மண்கட்டி இல்லை, மிட்ரேஞ்ச் இருந்தது என்பது கைக்குத் தெரியவில்லை.

சொன்னால் பெருமையடிப்பதாக இருக்கும். என் வாழ்நாளில் அப்படி ஒரு வீச்சு வீசியதில்லை. கிடாயின் மூக்குக்குச் சரியாக ஒரு முழம் முன்னால் விழுந்தது. கிடாய் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

"அப்படிப் போடுலே! கை மறக்கலியே உனக்கு!" என்றாள் அக்கா. நீங்களெல்லாம் கை தட்டினீர்கள்.

கயல் கை தட்டவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது படுத்து விழவில்லை. விளிம்பில் நின்று, வண்டிச்சக்கரம் மாதிரி உருள ஆரம்பித்தது. பின்னால் காற்று. நாம் எல்லோரும் பின்னால் ஓடினோம். ஆரஞ்சாக ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இல்லை.

அப்போதுதான் நான் முதல்முறையாகத் தரையைப் பார்த்தேன். பிஞ்சை முழுக்க வெடிப்பு. கால் பாதம் நுழைகிற வெடிப்பு. பிறந்ததிலிருந்து நான் தாண்டித் தாண்டி நடந்த வெடிப்புகள். மூன்று நாளாகத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், காலுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. வாய் மட்டும் மறந்துபோய், "தொலையவே தொலையாது" என்று சொல்லியிருக்கிறது.

கயல் வெடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்க என் டிஸ்க்கை ஆட்டுக்கு எறிஞ்சிட்டீங்க" என்றாள். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5

போன் வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு முழு கை ஆழத்துக்கும் கீழே ஆரஞ்சு விளிம்பு தெரிந்தது. நான் கையை விட்டேன். முழங்கையோடு நின்றுவிட்டது.

"கையை எடுலே, பூரான் கெடக்கும்" என்று அக்கா இலை பறிக்கிற தொரட்டியைக் கொண்டுவந்தாள். கொக்கியை உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தேன். தட்டு வரவில்லை, ஒரு மண்கட்டி பெயர்ந்து தட்டின் மேல் விழுந்தது. தட்டு இன்னும் ஒரு சாண் கீழே போனது. கடப்பாரை போட்டால் இன்னும் மண் சரியும். அக்கா என் கையிலிருந்து தொரட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "தண்ணி ஊத்துனா மிதந்து மேல வருமோ?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை! "ஊத்து. நல்லா ஊத்து. ஊத்துனா மண்ணு ஊதி வெடிப்பு மூடிக்கிடும். பெறவு அடுத்த வருசம் வெயிலுக்குத்தான் வாயத் தெறக்கும். நீ எந்த ஊர்க்காரன்லே?"

ராத்திரி வீட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் காலையில் எட்டயபுரம் போய், இரும்புக்கடை மைதீன் அண்ணாச்சியிடம் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி கேட்டேன். கயலும் கூட வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்தக் கெணறு?" என்றார் அண்ணாச்சி.

"கெணறு இல்ல அண்ணாச்சி. வெடிப்பு."

"வெடிப்புக்குள்ள வாளி எப்படிவே போச்சு?"

"வாளி இல்ல. தட்டு. ஆடு வெண்டைக்குள்ள போச்சு, அதைத் திருப்புறதுக்கு..."

அண்ணாச்சி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, கயலிடம் கேட்டார். "நீ சொல்லு தாயி. உங்கப்பா சொல்லுதது ஒண்ணும் வெளங்கல." கயல் சொன்னாள். இரண்டே வாக்கியம். அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. பாதாளக் கரண்டி குண்டாக இருக்கும், வெடிப்புக்குள் போகாது என்றார். இரண்டு நீளக் கம்பிகளை எடுத்து, நுனியைத் தட்டி வளைத்து, இடுக்கி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். "எனக்கும் ஊருல பிஞ்சை இருக்கு. மேகம் கூடுத மாதிரி இருக்கு பாருங்க, சீக்கிரம் போங்க. இன்னைக்குப் பெஞ்சா நல்லது" என்றவர், கயல் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயங்காலமா பெஞ்சா நல்லது" என்று திருத்திக்கொண்டார்.

6

பகல் மூன்று மணி வரை மூன்று பேரும் குப்புறப் படுத்துக் கிடந்தோம். அக்கா டார்ச்சு அடித்தாள். நான் ஒரு கம்பி, கயல் ஒரு கம்பி. தட்டு விரல் விரலாக மேலே வந்தது. "வருது அப்பா, வருது, ஆட்டாதீங்க!" முந்தின நாளிலிருந்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். இன்னும் ஒரு முழம் வந்தால் அவள் கைக்கு எட்டிவிடும். மறுநாள் சாயங்காலம் எங்களுக்கு ரயில்.

அப்போதுதான் கயத்தாறு பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றது. ஆடிக்காற்று நின்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. ஒருத்தர் முகத்தையும் அதற்கு முன்னால் நான் அப்படிப் பார்த்ததில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, பேசினால் கலைந்துவிடுமோ என்று பேசாமல் நின்றார்கள்.

கயல் எழுந்து நின்று, வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "மழை, ப்ளீஸ், இன்னைக்கு மட்டும் வராதீங்க!"

பிள்ளைகளே, அந்த வார்த்தையை நம் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று அக்காவைப் பார்த்தேன். மழை பெய்தால்தான் அவளுக்கு உழவு. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"மரியாதையாத்தான சொல்லுதா பிள்ளை" என்றாள் அக்கா. "நாமெல்லாம் வா வான்னு ஒருமையில கூப்பிடுதோம். அதான் இம்புட்டு நாளா வரல போல." அப்புறம் கயலிடம் வந்து, "ஏட்டி, வேற எதை வேணும்னாலும் சொல்லு, அதை மட்டும் சொல்லாத. கையை விட்டு எடு, சீக்கிரம் எடு" என்றாள்.

நான் புரியாமல் ஒரு யோசனை சொன்னேன். வீட்டில் களத்தில் விரிக்கிற படுதா இருக்கிறது, கொண்டுவந்து வெடிப்பை மூடிவிடலாமே.

"பிஞ்சைக்குக் கொடை பிடிக்கப்போறியாலே?" என்றாள் அக்கா. ஊரே சிரித்தது. மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் துளி என் பிடரியில் விழுந்தது. கயல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அக்கா குச்சியால் கிளறிப் பூரான் இல்லை என்று பார்த்தபிறகு, தோள் வரை கையை உள்ளே விட்டாள். கன்னம் மண்ணில் அழுந்தியது. "தொட்டுட்டேன்" என்றாள். "ரெண்டு விரல் படுது. அப்பா, கீழ இருந்து தள்ளுங்க." நான் தள்ளினேன். மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் ஈரம் பட்டால் எப்படி வழுக்கும்! "வழுக்குது, வழுக்குது" என்றாள். அப்போது பக்கத்தில் எங்கேயோ இடி இறங்கியது. வெட்டவெளி. அக்கா கம்பிகளைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, கயலை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எறிந்த கம்பி போன வேகத்தைப் பார்த்து, என்னையும் எறிந்துவிடுவாளோ என்று நானும் ஓடினேன்.

காலில் மண் ஒட்டி ஒட்டி, வீடு வந்து சேரும்போது நான் அரை அடி வளர்ந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் தெருவில் ஆடிக்கொண்டிருந்தீர்கள். அது தப்பில்லை. நானும் பிள்ளையாக இருந்தால் ஆடியிருப்பேன். கயல் வாசலில் நின்று அழுதாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆனால் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுகிற பிள்ளைக்கு முன்னால் சிரிக்கக் கூடாதே என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். முந்தானைக்குள்ளே அவள் சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

காலையில் போய்ப் பார்த்தோம். பிஞ்சை கருகருவென்று ஒரே பரப்பாகக் கிடந்தது. வெடிப்பு என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. அக்கா இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து ஒரு கம்பை ஊன்றினாள்.

ரயிலில் கயல் சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் வரல. நீங்கதான் பிராமிஸ் பண்ணீங்க."

"ஆமா" என்றேன்.

7

போட்டியில் சிநேகிதியின் மிட்ரேஞ்சைக் கடன் வாங்கி விளையாடினாள். நன்றாகத்தான் விளையாடினாள், பரிசு இல்லை. அதற்குப் பிறகு கூடைக்கு என்னோடு வருவதை நிறுத்திவிட்டு, அந்தச் சிநேகிதியோடு போக ஆரம்பித்தாள். நான் தனியாகப் போய் ஒரு நாள் வீசிப் பார்த்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. நடக்கிற தூரமெல்லாம் குறைந்துபோனது மாதிரி இருந்தது.

புரட்டாசியில் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். டிராக்டர் விட்டு உழுது, உளுந்து விதைத்தாயிற்று என்று பிஞ்சையைக் காட்டினாள். முழுக்க உழுத மண். நடுவில் மட்டும் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு இடம் உழாமல் கிடந்தது. கம்பு நின்றது.

"அது என்ன அத்தை?" என்று கயல் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் தட்டுட்டி. உழுதா கலப்பை கடிச்சிரும்லா. டிராக்டர்க்காரன் சிரிக்கான், என்ன ஆச்சி, சாமி கும்பிடுத எடமான்னு. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். உழாத மண்ணுல வெடிப்பு பழைய தடத்துலதான் விடும். வெயில் அடிக்கட்டும், வந்து கையை விட்டு எடுத்துக்கோ. என் கை போகாது. உங்கப்பன் கை மம்பட்டிப் பிடி."

"அங்க விதைக்கலையா?"

"நாலு பாய் எடத்துல வெதைக்கலைன்னா ஊரு பட்டினியா கெடக்கப்போவுது?"

 இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கயல் கேட்டாள், தமிழில்: "அப்பா, வெடிப்பு எந்த மாசம் விடும்?"

இப்போது அவள் போனில் எங்கள் ஊர் வானிலைக்கு மேலே கோவில்பட்டி வானிலை இருக்கிறது. உளுந்து முளைக்கிறவரை மழை வேண்டும், அறுவடைக்குப் பிறகு வேண்டாம் என்று அவளே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். ஜூன் மாதம் போகலாம் என்று முடிவாகிவிட்டது. பட்டறையில் லீவுத்தாள் கொடுத்தார்கள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று கயலிடம் கேட்டதற்கு, உள்ளதை எழுதுங்கள் என்றாள். "தொலைந்த மிட்ரேஞ்சை எடுக்க" என்று அவளே அந்த மொழியில் எழுதிக் கொடுத்தாள். மேஸ்திரி படித்தார். எங்கே தொலைந்தது என்று கேட்டார். பூமிக்குள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு, "கிடைத்தால் போட்டோ அனுப்பு" என்றார். பதினெட்டு வருஷத்தில் நான் கொடுத்த காரணம் ஒன்றை இந்த நாட்டில் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கயல் வந்து, கூடைக்குப் போவோமா என்றாள். பதினெட்டுக் கூடையும் நடந்தோம்.

திரும்பி வந்து போனைப் பார்த்தால் மாரிச்செல்வியின் இரண்டாவது செய்தி. "மாமா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. வெடிப்பு விட்டதும் நானே எடுத்து பார்சல்ல அனுப்பிருதேன். எங்க கையெல்லாம் கயல் அக்கா கையவிட மெலிசு. கதவு இடுக்குல விட்டுப் பாத்துட்டோம். பதினோரு பேர் கையும் போகுது!"

அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து இவ்வளவையும் எழுதுகிறேன். பிள்ளைகளே, நீங்கள் நல்ல பிள்ளைகள். உங்கள் கை மெலிசு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மாமா சொல்வதைக் கேளுங்கள். டீச்சரிடம் முந்தின பக்கங்களைக் காட்டுங்கள், இந்தப் பக்கம் நமக்குள் இருக்கட்டும். வெயில் ஏறி வெடிப்பு விட்டதும் தினமும் போய்ப் பாருங்கள். ஆடு மிதிக்காமல் காவல் இருங்கள். யாரும் கையை மட்டும் உள்ளே விட வேண்டாம். ஜூன் வரைக்கும் அது அங்கேயே கிடக்க வேண்டும். ஒருவேளை தானாக மேலே வந்து கிடந்தாலும், யாரும் பார்க்காத நேரத்தில், காலால் மெல்ல உள்ளே தள்ளிவிடுங்கள்.